அம்மா வாங்கிய 22

நினைவாற்றல் சோதனைகளை வகுப்பவர்களுக்கும், அவற்றுக்கு இயல்பு எல்லை குறிக்கும் நிபுணர் குழுக்களுக்கும்,

வணக்கம். என் அம்மாவுக்கு 76 வயது. இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். போன மாதம் எம்.எம்.எஸ்.இ. என்ற நினைவாற்றல் சோதனையில் 30-க்கு 22 வாங்கினார். இயல்பு எல்லையான 24-க்குக் கீழே என்பதால் 'மறதிநோய் இருக்கலாம்' என்று அறிக்கையில் எழுதிவிட்டார்கள். எதுவரை படித்தீர்கள் என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

போன 8 மதிப்பெண்ணும் எதில் போனது என்று தாளை வாங்கிப் பார்த்தேன். எழுதியிருந்ததைப் படித்துச் செய்வதில் 1. சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதுவதில் 1. ஐங்கோணங்களைப் பார்த்து வரைவதில் 1. பென்சிலைப் பிடித்ததுமே கை நடுங்கியது. நூறிலிருந்து ஏழேழாகக் கழிப்பதில் 93 சொல்லி நின்றுவிட்டார், அதில் 4. சொல்லிக்கொடுத்த மூன்று சொற்களில் ஒன்றை விட்டதற்கு 1. நினைவுக்காகக் குறைந்தது அந்த ஒன்று மட்டும்தான். மற்ற ஏழும் பள்ளிக்கூடம் தந்திருக்க வேண்டியவை.

இது உங்களுக்குத் தெரியாததல்ல. இதே சோதனைக்கு, 18,000-க்கும் மேற்பட்டவர்களின் மதிப்பெண்களோடு அமெரிக்காவில் 1993-லேயே வயது, படிப்பு வாரியாக அட்டவணை வெளியானது. குறைந்தது 9 ஆண்டு படித்தவர்களின் நடு மதிப்பெண் 29. 5 முதல் 8 ஆண்டு படித்தவர்களுக்கு 26. 4 ஆண்டுக்கு மேல் படிக்காதவர்களுக்கு 22. அம்மா வாங்கியதும் 22தான்!

அன்றிலிருந்து தினமும் காலையில் என்னிடம் தேதியும் மாதமும் கேட்டு முணுமுணுத்து மனப்பாடம் செய்கிறார். யார் வந்து கேட்பார்களோ என்ற பயம். பேச்சு குறைந்துவிட்டது.

2005-இல் வந்த மோகா என்ற இன்னொரு நினைவாற்றல் சோதனையில் 12 ஆண்டோ அதற்குக் குறைவாகவோ படித்தவர்களுக்கு 1 மதிப்பெண் கூட்டினார்கள். பன்னிரண்டு ஆண்டு படித்தவருக்கும் பள்ளிப் பக்கமே போகாதவருக்கும் அதே ஒன்றா? சோதனையை மொழிபெயர்க்கிறார்கள், எல்லையை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அந்த மொழி பேசும் நலமான முதியவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள் என்று முதலில் பார்க்க வேண்டாமா? நிறையப் படித்த ஒருவர் உள்ளுக்குள் தேய்ந்துகொண்டே 28 வாங்கினால், அவரை 'நலம்' என்று அனுப்பிவிடுவதும் இதே எல்லைதான்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: வயது, படிப்பு, மொழி வாரியாக இயல்பு எல்லைகளை வகுத்து வெளியிடுங்கள். எத்தனை பேரை, எப்படிப்பட்டவர்களை வைத்து வகுத்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அந்த அட்டவணை இல்லாமல் எந்த மதிப்பெண்ணும் அறிக்கையில் ஏறக் கூடாது என்று விதி செய்யுங்கள்.

ஆறு மாதம் கழித்து அம்மாவை மறுபடியும் சோதனைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் செய்து தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மகள்