தோசை மாவைக் கொட்டிவிடாதே

அன்புள்ள மகளுக்கு,

போனில் பேசினால் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொள்வோம். அதனால் கடிதம்.

யூதர்கள் எகிப்திலிருந்து விடுதலையானதை நினைத்துக் கொண்டாடும் பஸ்கா பண்டிகை வாரத்தில் வீட்டில் புளித்தது எதுவும் இருக்கக் கூடாதாமே, ஃபிரிட்ஜில் உள்ள தோசை மாவை என்ன செய்வது என்று கேட்டிருந்தாய். முதலில் சிரித்தேன். பிறகு உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். யூதர்களின் சட்டப்படி அந்த விலக்கு கோதுமை, வாற்கோதுமை முதலான 5 தானியங்களுக்குத்தான். ஐரோப்பிய வழி யூதர்கள் அரிசியையும் சேர்த்து விலக்குவது வழக்கம்; கீழை நாடுகளிலிருந்து வந்தவர்களில் பலர் பஸ்காவிலும் சோறு சாப்பிடுகிறார்கள். ஆகவே உன் மாவு தப்பித்தது.

இன்னொன்றையும் கவனி. வேதாகமத்தில் லேவியராகமம் 23-ஆம் அதிகாரத்தில் ஏழு நாள் புளிப்பில்லாத அப்பம் சாப்பிடச் சொன்ன அதே கர்த்தர், ஐம்பதாம் நாளில் புளிப்பேற்றிச் சுட்ட இரண்டு அப்பங்களைக் கொண்டுவரச் சொல்கிறார். அந்த நாள்தான் பெந்தெகொஸ்தே. புளிப்பு என்றால் பாவம் என்று ஓய்வுநாள் பள்ளியில் எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்! அந்த இரண்டு அப்பங்களையும் எப்படித் தாண்டிப் போனேனோ.

அந்த அதிகாரத்தில் இந்த இரண்டுக்கும் நடுவில் வருவதுதான் எனக்குப் பிடித்தது. வாற்கோதுமை அறுப்பின் முதல் கதிர்க்கட்டை ஓய்வுநாளுக்கு மறுநாள் ஆசாரியன் கர்த்தருக்கு முன்பாக அசைவாட்டுவான். அதுவரை புதுத் தானியத்தில் ஒரு மணியைக்கூட வாயில் போடக் கூடாது. உயிர்த்தெழுந்த கிறிஸ்துவை முதற்பலன் என்று அப்போஸ்தலன் பவுல் எழுதுகிறாரே, இந்தக் கதிர்க்கட்டை நினைத்துத்தான். முதல் கட்டு வந்துவிட்டதென்றால் மீதி வயலில் நிற்கிறது. உன் அப்பாவை அடக்கம் செய்த அன்று குருவானவர் அந்த வசனத்தை வாசித்தார். அப்போது எனக்கு அதில் கதிர் எதுவும் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. சபையில் அறுப்பின் பண்டிகைக்கு அப்பா நம் மரத்தின் முதல் முருங்கைக்காய்க் கட்டைத் தூக்கிக்கொண்டு போய், ஏலத்தில் அதையே கூடுதல் விலை கொடுத்துத் தானே எடுத்து வருவாரே, நினைவிருக்கிறதா?

இனி, நீ அத்தையிடம் பேசியது. ஈஸ்டர் புறஜாதிப் பண்டிகை, அதை ஆசரிப்பவர்கள் வேதம் அறியாதவர்கள் என்றாயாமே. கிரேக்கர்கள் இன்றும் ஈஸ்டரைப் பாஸ்கா, அதாவது பஸ்கா என்றுதான் அழைக்கிறார்கள். பண்டிகை நாளைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக என்று கொலோசெயருக்கு எழுதியிருக்கிறதே, அது உனக்கும் பொருந்தும், அத்தைக்கும் பொருந்தும். பவுல் கொரிந்தியரிடம் கழித்துப்போடச் சொன்ன புளித்தமாவு துர்க்குணமும் பொல்லாப்பும்தான். அது ஃபிரிட்ஜில் இருப்பதில்லை, மகளே.

உங்கள் ஜெபக்குழுவில் பஸ்கா விருந்து வைக்கப் போவதாகவும் சொன்னாய். வையுங்கள். ஆனால் இயேசு இப்படியே செய்தார் என்று மட்டும் சொல்லாதீர்கள். இன்றைய விருந்து முறை பெரும்பாலும் கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் இடிக்கப்பட்ட பிறகு உருவானது. பலி செலுத்த இடமில்லாமல் போனவர்கள் சாப்பாட்டு மேசையில் காப்பாற்றி வைத்தது அது. பக்கத்து வீட்டு யூதக் குடும்பம் கூப்பிட்டால் விருந்தாளியாகப் போய் உட்கார். அவர்களுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடாதே.

ஞாயிற்றுக்கிழமை அத்தைக்குப் போன் செய். மாவு ரொம்பப் புளித்துவிட்டால் வெங்காயம் தூவி ஊத்தப்பமாக வார்த்துவிடு.

அன்புடன்,
அம்மா