எந்த ஓட்டல் என்று கேட்டால் நாங்கள் ஏன் திருப்பிக் கேள்வி கேட்கிறோம்?

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். காட்பாடியில் உள்ள எங்கள் லாட்ஜில் தங்குகிறவர்கள் இரண்டு வகை. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிறவர்கள் ஒரு பக்கம்; வி.ஐ.டி.யில் படிக்கும் பிள்ளையைப் பார்க்க வருகிறவர்கள் இன்னொரு பக்கம். இந்த மடல் இரண்டாவது வகையினருக்கு.

சில மாதங்களாக உங்களில் சிலருக்கு எங்கள் மேல் ஒரு வருத்தம் இருப்பது தெரிகிறது. "முன்பெல்லாம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்கே போகலாம் என்று கேட்டால் உடனே ஓர் ஓட்டல் பெயரைச் சொல்வீர்கள். இப்போது நாலு கேள்வி கேட்கிறீர்களே, நாங்கள் என்ன பாஸ்போர்ட்டுக்கா விண்ணப்பித்திருக்கிறோம்?" என்று ஒரு பெரியவர் கேட்டேவிட்டார். அவர் கேட்டது நியாயம். அதற்கான விளக்கம்தான் இது.

பல ஆண்டுகளாக நாங்கள் எல்லோரையும் ஒரே ஓட்டலுக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம். ஏ.சி. உண்டு, கார் நிறுத்த இடம் உண்டு, சைவம் அசைவம் இரண்டும் உண்டு. இன்னொரு காரணமும் உண்டு, அதை மறைப்பானேன்: அங்கே ஆள் கொண்டுபோய் விடும் டிரைவருக்கு இலவசச் சாப்பாடு, எங்கள் பையன்களுக்குத் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி. பெரிய லஞ்சம் ஒன்றும் இல்லை. ஆனால் வாய் தானாக அந்தப் பெயரையே சொல்லிப் பழகிவிட்டது.

ஒரு ஜூலை மாதம், கல்லூரி சேர்க்கை நேரம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்திருந்தது. அப்பா, அம்மா, பாட்டி, முதலாண்டு சேர்ந்து மூன்று வாரமே ஆன பெண். வழக்கம்போல அந்த ஓட்டல் பெயரைச் சொன்னோம். எட்டு மணிக்குப் போயிருக்கிறார்கள். வாசலில் முக்கால் மணி நேரம் நின்று, ஒன்பதை நெருங்கும்போது மேசை கிடைத்திருக்கிறது. பாட்டிக்குப் பல் இல்லை. அங்கே அந்த நேரத்தில் கிடைத்ததோ தந்தூரி ரொட்டி. பெண் ஹாஸ்டலுக்குத் திரும்ப வேண்டிய நேரம் நெருங்கியதால் பாதி ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து ஓடியிருக்கிறாள். மறுநாள் காலை சாவியைக் கொடுக்க வந்த அந்த அம்மா எங்களைக் குறை சொல்லவில்லை. "பெண் சரியாகவே சாப்பிடவில்லை" என்று மட்டும் சொன்னார். அறுநூறு கிலோமீட்டர் தாண்டி வந்தவர் ஊருக்கு எடுத்துப்போன செய்தி அது.

அன்றோடு அந்த ஓட்டல் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டோம். அங்கே சாப்பாடு மோசம் இல்லை. அந்தக் குடும்பத்துக்கு, அந்த மணிக்கு, அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கேள்விகள்.

முதல் கேள்வி: பிள்ளை எத்தனை மணிக்குள் ஹாஸ்டலுக்குள் இருக்க வேண்டும்? பெரும்பாலான பெற்றோருக்கு இது தெரிவதில்லை. பிள்ளையும் "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிடும். வெளியே வர முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டுமா, பெற்றோரே வந்து கையெழுத்துப் போட வேண்டுமா, வார இறுதியில் விதி வேறா என்பதை ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அந்த மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். திரும்பிப் போக அரை மணி, சாப்பிட ஒரு மணி, காத்திருக்க அரை மணி. எட்டரைக்குள் வாசலில் இருக்க வேண்டிய பெண்ணாக இருந்தால் ஆறரைக்கே ஓட்டலில் உட்கார வேண்டும். ஆறரைக்கா சாப்பாடு என்று சிரிக்காதீர்கள். அந்த நேரத்துக்குக் கூட்டம் இருக்காது, தோசைக்கல் அப்போதுதான் சூடேறியிருக்கும், சர்வரும் முகம் கொடுத்துப் பேசுவார்.

இதோடு பாலாற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கல்லூரி காட்பாடிக் கரையில்; வேலூர்க் கோட்டை, சி.எம்.சி., பெரிய கடைத்தெருக்கள் எல்லாம் அந்தக் கரையில். தூரம் ஆறேழு கிலோமீட்டர்தான். ஆனால் மாலை நேரத்தில் பாலத்தையும் கிரீன் சர்க்கிள் சந்திப்பையும் தாண்டுவதற்குள் பசி ஆறிப்போய்விடும். ஆறு உண்டு நீர் இல்லை, கோட்டை உண்டு ராஜா இல்லை என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. நீர் இல்லாத ஆற்றைக் கடக்கவா இவ்வளவு நேரம் என்று நீங்கள் அலுத்துக்கொள்வதற்கு முன் சொல்லிவிடுகிறோம்: பிள்ளைக்குக் கெடு இருக்கும் நாளில் இந்தக் கரையிலேயே சாப்பிடுங்கள். மறுநாள் விடுமுறையாக இருந்தால், பகலில் கோட்டையைச் சுற்றிவிட்டு அந்தக் கரையில் மதியச் சாப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: யார் யார் வருகிறீர்கள்? இதைக் கேட்கும்போதுதான் பலருக்குக் கோபம் வருகிறது. தலைக்கு இத்தனை என்று வாடகை ஏற்றுவதற்காகக் கேட்கிறோம் என்று நினைக்கிறார்கள். இல்லை. பாட்டி வந்தால் மாடி ஏறும் ஓட்டல் வேண்டாம். கீழ்த்தளத்தில், இட்லியோ இடியாப்பமோ கிடைக்கும் இடம் வேண்டும். கைக்குழந்தை இருந்தால் பாட்டுச் சத்தம் இல்லாத இடம் வேண்டும். அப்பா சைவம், பிள்ளை அசைவம் என்றால் இரண்டும் ஒரே சமையலறையில் நடப்பது அப்பாவுக்குச் சம்மதமா என்று முன்பே தெரிய வேண்டும். மேசையில் உட்கார்ந்த பிறகு முகம் சுளித்தால் அன்றைய இரவு போயிற்று.

அறைத்தோழர்கள் வருவார்களா என்பதையும் இங்கேயே கேட்டுவிடுகிறோம். அழைத்து வரச் சொல்லுங்கள் என்பது எங்கள் கட்சி. உங்கள் பிள்ளை எப்படி இருக்கிறான் என்பதை அவன் சொல்ல மாட்டான். பக்கத்துக் கட்டில்காரன் இரண்டாவது பரோட்டாவில் சொல்லிவிடுவான். ஆனால் ஒன்று. நண்பர்கள் இருக்கும்போது விலைப்பட்டியலைப் பார்த்து "இதற்கா இவ்வளவு?" என்று சத்தமாகக் கேட்காதீர்கள். கட்டுப்படியாகிற ஓட்டலை முன்பே தேர்ந்தெடுத்துக்கொண்டு, அங்கே கை தாராளமாக இருங்கள். பெரிய ஓட்டலில் கணக்குப் பார்ப்பதைவிடச் சின்ன ஓட்டலில் தாராளமாக இருப்பது பிள்ளைக்கும் கௌரவம்.

மூன்றாவது கேள்விதான் எங்களுக்குப் பிடித்தது. "எங்கே சாப்பிடலாம்?" என்று பிள்ளையிடம் கேட்டால் கிடைக்கிற பதில் "எங்கே வேண்டுமானாலும் சரி." அதனால் அப்படிக் கேட்காதீர்கள். "மெஸ்ஸில் எது கிடைப்பதில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் கொட்டும். ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சமைக்கும் இடத்தில் எது முடியாதோ அதுதான் வரும்: கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும் முறுகல் தோசை, புளி தூக்கலான மீன் குழம்பு, நெய் ஊற்றிய பருப்பு சாதம். கும்பகோணத்துப் பையன் ஒருவன் யோசித்து யோசித்து "வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும்" என்றான். அதற்கு எந்த ஏ.சி. ஓட்டலுக்கு அனுப்புவது? பக்கத்துத் தெருவில் வீட்டுச் சமையல் செய்து தரும் ஓர் அம்மாவிடம் காலையிலேயே சொல்லி வைத்தோம்.

சில பிள்ளைகளுக்கு நேர் எதிர். வீட்டுச் சாப்பாடு விடுமுறைக்குப் போனால் கிடைக்கும். இங்கே வேறு ஏதாவது வேண்டும் என்பார்கள். அதற்கும் இந்த ஊரில் வழி இருக்கிறது. சித்தூர் எல்லை பக்கத்தில் இருப்பதாலும் தெலுங்குப் பிள்ளைகள் நிறையப் படிப்பதாலும் ஆந்திரச் சாப்பாடு நன்றாகக் கிடைக்கிறது. பருப்புப் பொடி, நெய், கோங்குரா (புளிச்சக்கீரை) என்று காரம் தாங்குகிறவர்கள் போகலாம். இன்னொன்று வெளியூர்க்காரர்களுக்கு அதிகம் தெரியாதது. சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. சிகிச்சைக்காக மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வருகிறவர்களுக்காக வந்த கடைகள் அவை. கடுகெண்ணெய் வாசனையில் மீன் குழம்பும் சோறும். அலங்காரம் எதிர்பார்க்காதீர்கள், நோயாளியைக் கவனித்துக்கொண்டிருப்பவர்கள் அவசரமாகச் சாப்பிட்டுப் போகும் இடம். அறைத்தோழன் கொல்கத்தாக்காரனாக இருந்தால் அவனையே வழிகாட்டச் சொல்லுங்கள். எங்களை விட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

பிரியாணி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிக ஏமாற்றம் நடக்கிறது. "வேலூர் வரை வந்துவிட்டோம், ராத்திரி ஆம்பூர் போய் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாமே" என்று சனிக்கிழமைதோறும் ஒருவராவது கேட்கிறார். ஆம்பூர் இங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகளோடு போய்த் திரும்புவதற்குள் பிள்ளையின் கெடு முடிந்துவிடும். அதைவிட முக்கியம், சீரகசம்பா அரிசியில் செய்யும் அந்தப் பிரியாணிக்கு நேரம் மதியம். தம் உடைத்தவுடன் சாப்பிட வேண்டியதை இரவு ஒன்பதுக்கு அடிச்சட்டியில் சுரண்டி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு "இதற்கா இவ்வளவு பேச்சு?" என்று கேட்பது ஆம்பூருக்குச் செய்யும் அநியாயம். கிருஷ்ணகிரி, சேலம், பெங்களூர் பக்கம் காரில் திரும்புகிறவர்கள் காலை பதினொன்றுக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாடு அங்கே சரியாக அமையும். கூடவே வைக்கும் கத்திரிக்காயை ஒதுக்கிவிடாதீர்கள். பிரியாணியின் பாதி அதில் இருக்கிறது. கத்திரிக்காய் என்றதும் ஒரு பெருமை: எங்கள் மாவட்டத்து முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சைவ ஓட்டலில் எண்ணெய்க் கத்திரிக்காய் இருந்தால், எந்தக் கத்திரிக்காய் என்று கேட்டு வாங்குங்கள்.

சென்னைப் பக்கம் திரும்புகிறவர்கள் ஆற்காட்டில் நிறுத்தி மக்கன் பேடா வாங்கலாம். பிள்ளைக்கு என்றால் வரும் வழியிலேயே வாங்கி வந்துவிடுங்கள். பாகில் ஊறியது என்பதால் மூடி இறுக்கமான டப்பா அவசியம்.

நான்காவது கேள்வி உங்கள் ரயில். காட்பாடி சந்திப்பு பக்கம்தான் என்றாலும், ரயிலைப் பிடிக்கும் இரவில் உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலை நாங்கள் சொல்வதில்லை. பார்சல் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு மணி நேரம் பிள்ளையோடு பேசக் கிடைக்கும்.

பில் விஷயம் சுருக்கமாக. சாதாரண ஓட்டலில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். விற்பனையில் குறிப்பிட்ட சதவீதத்தைத் தாங்களே வரியாகக் கட்டும் தொகுப்புத் திட்டத்தில் (composition scheme) உள்ள சிறு ஓட்டல்கள் உங்களிடம் ஜி.எஸ்.டி. தனியாக வசூலிக்கக் கூடாது. "சேவைக் கட்டணம்" என்று தனியாக ஒரு தொகை இருந்தால் அது அரசு வரி அல்ல. அதைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் சொல்லியிருக்கிறது, டில்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லலாம். ஆனால் பிள்ளையின் நண்பர்கள் முன்னால் கல்லாவில் சண்டை வேண்டாம். அவர்கள் வெளியே போன பிறகு அமைதியாகக் கேளுங்கள்.

கல்லூரி விழா, பட்டமளிப்பு, சேர்க்கை நாட்களில் இந்தக் கணக்குகள் எதுவும் செல்லாது. அன்றைக்கு எல்லா ஓட்டல் வாசலிலும் உங்களைப் போலவே இன்னும் ஐம்பது குடும்பங்கள் நிற்கும். அதற்காகத்தான் கீழ்த்தளத்தில் ரிசப்ஷனை ஒட்டிய பழைய சாமான் அறையைக் காலி செய்து, சுண்ணாம்பு அடித்து, இரண்டு நீள மேசை போட்டிருக்கிறோம். பார்சல் வாங்கி வந்து அங்கே சாப்பிடலாம். வாழை இலையும் தண்ணீரும் நாங்கள் தருகிறோம், கட்டணம் கிடையாது. ஊரிலிருந்து கொண்டுவந்த புளியோதரையையும் மீன் வறுவலையும் அங்கே பிரிக்கத் தடை இல்லை, பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தால் நாங்கள் பொறுப்பல்ல. சென்ற சேர்க்கை நாளில் மூன்று குடும்பங்கள் முன்பின் தெரியாமல் உட்கார்ந்து, இட்லிப்பொடி மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு, கடைசியில் பிள்ளைகள் மூவரும் ஒரே ஆட்டோவில் ஹாஸ்டலுக்குப் போனார்கள்.

வரும் நாளன்று மாலை நான்கு மணிக்குள் ரிசப்ஷனுக்குப் போன் செய்து நான்கு பதிலையும் சொல்லிவிட்டால், நீங்கள் வந்து சேரும்போது இரண்டு மூன்று இடங்களின் பெயரை எழுதி வைத்திருப்போம். வீட்டுச் சமையல் வேண்டுமென்றால் மட்டும் காலை ஒன்பதுக்குள் சொல்ல வேண்டும். அந்த அம்மா அதற்குப் பிறகு காய்கறிக் கடைக்குப் போக மாட்டார். சாப்பாட்டு அறை இரவு பத்தரை வரை திறந்திருக்கும். தீபாவளி இனிப்புப் பெட்டி இப்போது வருவதில்லை. எங்கள் பையன்களுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

அன்புடன்,
லாட்ஜ் நிர்வாகம்,
காட்பாடி