அத்தைக்கு, ஹார்லெமிலிருந்து

ஹார்லெம், நியூயார்க்
18 பிப்ரவரி 2024

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். நீங்களும் மாமாவும் நலமா? மாமாவின் முட்டிவலி குறைந்ததா? போனில் பேசுவதெல்லாம் காதோடு போய்விடுகிறது, மடித்து வைத்துப் படிக்க ஒரு கடுதாசி போடு என்று பொங்கலன்று சொன்னீர்கள். ஒரு மாதம் தள்ளிப்போட்டு இன்றுதான் உட்கார்ந்தேன். பேனா பிடிக்கிற பழக்கம் விட்டுப்போனதால் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை இங்கே பனி கொட்டியது. மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல்தான். இந்த ஊர்க்காரர்களுக்கு அது ஒரு விஷயமே இல்லையாம். காலையில் தெரு முழுக்க வெள்ளை. சாயங்காலத்துக்குள் பஸ் சக்கரமும் உப்பும் செருப்பும் சேர்ந்து அதைச் சேறாக்கிவிட்டன. மழை பெய்த கரிசல் காடு மாதிரி இருந்தது. எல்லாரும் வெள்ளையைப் போட்டோ எடுத்தார்கள், எனக்கு அந்தச் சேற்றைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வந்துவிட்டது. வீட்டுக்குள் குளிர் இல்லை. சுவரோரம் இரும்புக் குழாயில் நீராவி வந்து சூடேற்றும். நடுராத்திரியில் அது யாரோ சுத்தியலால் அடிப்பதுபோலச் சத்தம் போடும். முதல் வாரம் திருடன் என்றே நினைத்தேன்.

நூலகப் படிப்பு படித்தவள் அங்கே என்னதான் வேலை பார்க்கிறாள் என்று அப்பா உங்களிடம் கேட்டாராமே? கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிடுங்கள். உங்களுக்கு மட்டும் விவரமாக எழுதுகிறேன்.

பழைய புத்தகங்களைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றுகிற ஒரு சின்ன நிறுவனம் இது. புத்தகத்தை முழுசாக விரித்தால் முதுகு ஒடிந்துவிடும் என்பதால், பாதி விரித்த நிலையில் தாங்குகிற தொட்டில் ஒன்று வைத்திருக்கிறார்கள். காலால் மிதித்தால் கண்ணாடி இறங்கிப் பக்கத்தை அமுக்கும், இரண்டு கேமரா இரண்டு பக்கத்தையும் எடுக்கும், கண்ணாடி ஏறும், நான் தாளைத் திருப்புவேன். உங்கள் தையல் மெஷின் ஞாபகம்தான். கையுறை கிடையாது. கழுவித் துடைத்த வெறுங்கைதான். உறை போட்டால் தாள் கிழியப்போவது விரலுக்குத் தெரியாது. இப்போது எங்களிடம் இருப்பவை பெரும்பாலும் கறுப்பின எழுத்தாளர்களின் பழைய நூல்கள்.

படமெடுப்பது எளிது. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கிற ஓசிஆர் மென்பொருள்தான் கழுத்தறுக்கும். ஃபிலிஸ் வீட்லி என்று ஒரு கவி. ஏழெட்டு வயதில், 1761-இல், அடிமைக் கப்பலில் பாஸ்டனுக்குக் கொண்டுவரப்பட்டவள். ஃபிலிஸ் என்பதே அந்தக் கப்பலின் பெயர். 1773-இல் அவள் கவிதைத் தொகுப்பு லண்டனில் அச்சானபோது, இதை இந்தப் பெண்தான் எழுதினாள் என்று பாஸ்டன் நகரப் பெரிய மனிதர்கள் 18 பேர் கையெழுத்துப் போட்ட சான்று ஒன்றையும் முன்னால் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தத் தொகுப்பில் ஒரு வரி: எங்கள் கறுத்த இனத்தைச் சிலர் இளக்காரமாகப் பார்க்கிறார்கள் என்று வரும். கறுத்த என்பதற்கு அவள் போட்ட சொல் 'சேபிள்'. அந்தக் காலத்து அச்சில் 'எஸ்' எழுத்து நீளமாக, 'எஃப்' மாதிரியே இருக்கும். மென்பொருள் அதை 'ஃபேபிள்' என்று படித்துவைத்தது. ஃபேபிள் என்றால் கட்டுக்கதை. எங்கள் கட்டுக்கதை இனம்! சிரிப்பு வந்தது, அப்புறம் வரவில்லை. ஏட்டுச் சுவடியில் புள்ளி இல்லாமல் நம் ஆட்கள் திண்டாடுவார்களே, அதே கதை. புத்தகத்தின் காலத்தைச் சொல்லிக்கொடுத்தால் இப்போதைய மென்பொருள் ஓரளவு ஒழுங்காகப் படிக்கிறது. ஆனால் யாராவது சொல்லிக்கொடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சொல்லைத் தேடுகிறவர் கண்ணில் இந்தக் கவிதை ஒருநாளும் படாது. புத்தகம் இணையத்தில் இருக்கும், இல்லாத மாதிரி.

உங்கள் கிளை நூலகத்தில் வாசலை ஒட்டி ஒரு மேசை போட்டிருப்பீர்கள். வருஷக்கணக்காக யாரும் எடுக்காத புத்தகத்தைத் தூசி தட்டி அதில் வைப்பீர்கள். நூலகவியல் அறிஞர் ரங்கநாதன் சொன்ன மூன்றாம் விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்று என்னிடம் சொல்லி, மேசைக்கு விளக்கம் கொடுத்தீர்கள். இங்கே வந்த பிறகு நான் பார்ப்பதெல்லாம் அந்த மேசையைத்தான்.

உங்களுக்குப் பிடிக்கும் ஒரு ஆளைச் சொல்கிறேன். டாரதி போர்ட்டர். வாஷிங்டனில் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1930-இல் நூலகராகச் சேர்ந்தவர். அன்றைக்கு நூலகங்களில், புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் டியூயி முறைப்படி, கறுப்பர் எழுதிய எதையும், அது கவிதையாக இருந்தாலும், 325 என்ற எண்ணில் போட்டுவிடுவார்களாம். அது குடியேற்றம் பற்றிய எண். இல்லையென்றால் 326, அதாவது அடிமைமுறை. காதல் கவிதை எழுதியவனும் அங்கேதான்! போர்ட்டர் அந்த எண்களைத் தூக்கியெறிந்து, கவிதையைக் கவிதையோடும் இசையை இசையோடும் வைத்தார். 1973-இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்து, உலகம் முழுக்கத் தேடிப் புத்தகம் சேர்த்தார். இன்றைக்குச் சிக்கல் தலைகீழ். லட்சக்கணக்கான புத்தகங்கள் உள்ள இணைய நூலகத்தில் எழுதியவர் கறுப்பர் என்று பெரும்பாலும் பட்டியலில் இருக்காது, அதனால் தேடிப் பிரிப்பது கஷ்டம். கறுப்பினப் புனைகதைகளைப் பட்டியலிட ஒரு குழு 1983-இல் மிசிசிப்பியில் வேலை தொடங்கி, பிறகு கான்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறி, இன்னும் செய்துகொண்டிருக்கிறது. யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று ஒவ்வொன்றாகக் கையால் குறிக்கிற வேலைதான், அத்தை. கணினி வந்தால் நூலகர் வேண்டாம் என்று சொன்ன அந்த மாவட்ட அதிகாரியை இங்கே கூட்டிவர வேண்டும்.

நான் செய்த ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். பால் லாரன்ஸ் டன்பார் என்ற கறுப்பினக் கவிஞரின் 1896-ஆம் வருஷத்துத் தொகுப்பு வந்தது. நிறையக் கவிதைகள் பேச்சுமொழியில். பக்கத்துக்குப் பக்கம் சிவப்புக் கோடாக வரவும், ஓசிஆர் சொதப்பிவிட்டது என்று நினைத்து, பிழைதிருத்தியை மொத்தமாக ஓடவிட்டேன். பத்து நிமிஷத்தில் எல்லாக் கவிதையும் தலைவாரிப் பொட்டு வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டது. என் பக்கத்து மேசையில் ஜார்ஜியாக்கார அம்மா ஒருவர் இருக்கிறார், பெரியம்மா வயசு. திரையை எட்டிப் பார்த்தவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. தன் பாட்டி சொல்லிக்கொடுத்தபடி, சோள ரொட்டி சூடாக இருக்கும்போது என்று வரும் ஒரு கவிதையை மனப்பாடமாகச் சொன்னார். பிறகு என் திரையில் இருந்ததை வாசித்துக் காட்டினார். எனக்குத் தலை நிமிரவில்லை. கி.ரா.வின் கரிசல் பேச்சை யாராவது பாடப்புத்தகத் தமிழுக்குத் திருத்திக் கொடுத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து வரிவரியாகப் பழையபடி மாற்றினேன். (டன்பாருக்கே இதில் ஒரு மனக்குறை உண்டு. பேச்சுமொழிக் கவிதையை மட்டும் கொண்டாடுகிறார்கள், மற்றதைத் தொடமாட்டேன் என்கிறார்கள் என்று. அது வேறு கதை.)

எழுத்தாளர் சோரா நீல் ஹர்ஸ்டன் கதையும் இதுதான். 1860-இல் அலபாமாவுக்கு வந்த கடைசி அடிமைக் கப்பலில் இருந்த ஒரு முதியவரை நேரில் பார்த்துப் பேசி, அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதினார். 1931-இல் எழுதி முடித்தார். நல்ல ஆங்கிலத்தில் மாற்றிக் கொடுத்தால் போடலாம் என்றது ஒரு பதிப்பகம். மாட்டேன் என்றுவிட்டார். அந்தப் புத்தகம் 2018-இல்தான் அச்சுக்கு வந்தது. அன்று பதிப்பகம் கேட்டதைத்தான் இன்று நான் பிழைதிருத்தியை வைத்துப் பத்து நிமிஷத்தில் செய்தேன்.

சரி, நல்லதும் சொல்கிறேன். ஹர்ஸ்டனின் குரலை நீங்கள் வீட்டிலிருந்தே கேட்கலாம். 1939-இல் ஃபுளோரிடாவில் பதிவு செய்தது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. தண்டவாளம் போடும் ஆட்கள் இழுவைக்குப் பாடும் பாட்டை எல்லாம் அவரே பாடுவார். எப்படிக் கற்றுக்கொண்டாய் என்று கேட்டால், கூட்டத்தோடு நின்று கேட்டு, கூடவே பாடிப் பாடிப் பழகினேன் என்கிறார். உங்கள் நடவுப் பாட்டு மாதிரியே மூச்சு வாங்குகிறது. இணைப்பை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், தம்பியைப் போட்டுத் தரச்சொல்லுங்கள்.

அவருடைய 1937 நாவலை ரூபி டீ என்ற நடிகை வாசித்த ஒலிநூலை ரயிலில் போகும்போது கேட்டேன். கண்ணால் படித்தபோது முட்டுக்கட்டை போட்ட பேச்சு, காதில் விழுந்ததும் வழுக்கிக்கொண்டு போனது. இயந்திரக் குரலிலும் அதே நாவலின் ஒரு பக்கத்தைச் சோதித்துப் பார்த்தேன். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருந்தது, பாதியில் நிறுத்திவிட்டேன். ரூபி டீ வளர்ந்தது இந்த ஹார்லெமில்தான். 135-ஆம் தெரு நூலகத்தின் நிலவறையில் 1940-களில் நடந்த கறுப்பின நாடகக் குழுவில்தான் நடிக்கத் தொடங்கினார்.

அந்த நூலகத்துக்கு மாதம் இரண்டு சனிக்கிழமையாவது போய்விடுகிறேன். இப்போது ஷாம்பர்க் மையம் என்று பெயர். போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த ஆர்த்துரோ ஷாம்பர்க் என்பவர் சேர்த்த நூல்களை 1926-இல் நியூயார்க் பொது நூலகம் 10,000 டாலருக்கு வாங்கியது. கூடத்துத் தரையில் ஆறுகள் ஓடுவதுபோல ஒரு சித்திரம் பதித்திருக்கிறார்கள். அதன் கீழேதான் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் அஸ்தி இருக்கிறது. ஊர்ப் பழக்கத்தில் செருப்பைக் கழற்றப் போனேன். காவலாளி சிரித்தார்.

காப்புரிமை தீர்ந்த நூலை நாங்கள் படமெடுத்து எல்லாருக்கும் கொடுத்துவிடலாம். இந்த ஜனவரி 1 அன்று கிளாட் மெக்கேயின் ஹார்லெம் நாவல், 1928-இல் வந்தது, 95 வருஷம் முடிந்து பொதுவுக்கு வந்துவிட்டது. அவரும் என்னைப்போல வந்தேறிதான், ஜமைக்கா. ஆனால் நாவலாசிரியர் டோனி மாரிசன் போன்றவர்களை இரவல்தான் வாங்க வேண்டும். இரவல் மின்னூலுக்கும் வரிசை உண்டு தெரியுமா? ஒரு உரிமத்துக்கு ஒரே நேரத்தில் ஒருவர்தான் படிக்கலாம். பல மாநிலங்களில் மாரிசனின் முதல் நாவலைப் பள்ளி நூலகத்திலிருந்து எடுக்கச் சொல்லி ரகளை. அதற்கு புரூக்ளின் பொது நூலகம் 2022 ஏப்ரலில் ஒரு வழி செய்தது. நாட்டில் எந்த மூலையில் இருந்தாலும் 13 முதல் 21 வயதுப் பிள்ளைகளுக்கு இலவச மின் நூலக அட்டை. ஒக்லஹோமாவில் ஒரு ஆசிரியை அந்த அட்டைக்கான கியூஆர் கோடை வகுப்பில் ஒட்டினார். கடைசியில் அவர் வேலையை விட வேண்டியதாயிற்று. நீங்கள் அங்கே ஆசிரியையாக இருந்தால் இரண்டு ஒட்டியிருப்பீர்கள்.

மேசை வைப்பவர்கள் எல்லாரும் நூலகர்கள் இல்லை. 'நன்றாகப் படித்த கறுப்புப் பெண்' என்ற பொருளில் வாசகம் எழுதிய பனியன் ஒன்றை குளோரி எடிம் என்ற பெண்ணுக்கு அவர் துணைவர் பரிசளித்தார். போட்டுக்கொண்டு வெளியே போனால் முன்பின் தெரியாதவர்கள் நிறுத்திப் புத்தகம் பற்றிப் பேசினார்கள். 2015-இல் அதே பெயரில் இன்ஸ்டாகிராம் பக்கமும் புரூக்ளினில் வாசகர் வட்டமும் தொடங்கினார். வாஷிங்டனில் மஹோகனி புக்ஸ் என்று ஒரு புத்தகக் கடை. 2007-இல் இணையத்தில் மட்டும் விற்று, பத்து வருஷம் கழித்து நிஜக் கடை திறந்தார்கள். இன்ஸ்டாகிராம்மீது எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. இன்றைக்கு மேலே தூக்கும், நாளைக்கு ஏன் என்று சொல்லாமல் கீழே போட்டுவிடும். உங்கள் மேசை அப்படிச் செய்ததில்லை.

புதன்கிழமை, அடிமைமுறையை எதிர்த்துப் போராடிய ஃபிரெடரிக் டக்ளஸின் நாள். அடிமையாகப் பிறந்ததால் அவருக்குத் தன் பிறந்த தேதி தெரியாது. பிப்ரவரி 14 என்று தானே வைத்துக்கொண்டார். எஜமானி எழுத்துச் சொல்லிக்கொடுக்க, எஜமான் நிறுத்திவிட, தெருப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்துப் படிக்கக் கற்றவர். அவருக்கு வந்த கடிதங்களைத் தட்டச்சு செய்ய நாடெங்கும் தன்னார்வலர்கள் ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். நானும் ஜார்ஜியா அம்மாவும் வேலை முடிந்து ஒரு கல்லூரி அறைக்குப் போனோம். கேக் வெட்டினார்கள். திரையில் ஒரு பக்கம் கடிதத்தின் படம், பக்கத்தில் தட்டச்சுக்குக் கட்டம். கையெழுத்தைப் படிக்க இயந்திரம் இன்னும் தடுமாறுகிறது, மனிதர்தான் வேண்டும். எனக்கு வந்தது கோழி கிளறிய கையெழுத்து, என்னுடையதைவிட மோசம். இரண்டு மணி நேரத்தில் மூன்று பக்கம் முடித்தேன். ஒரே ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை. படிக்க முடியாததைச் சதுர அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறியாகப் போட வேண்டும் என்பது விதி, போட்டுவிட்டு வந்தேன். அடுத்து வேறொருவர் சரிபார்ப்பார். ராத்திரி படுக்கையில் அது ஊர்ப்பெயராக இருக்குமோ என்று தோன்றியது. காலையில் போய்ப் பார்த்தால் யாரோ அதற்குள் படித்து நிரப்பியிருக்கிறார்கள். ஊர்ப்பெயரேதான்.

மறக்குமுன் ஒன்று. ஏப்ரலில் சித்தப்பா மகன் வருகிறான் இல்லையா, அவனிடம் கடலைமிட்டாய் நாலு பாக்கெட் கொடுத்துவிடுங்கள். ஜார்ஜியா அம்மா தன் ஊர் நிலக்கடலையைப் போல உலகத்தில் கிடையாது என்று தினமும் சொல்கிறார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை, கோவில்பட்டி என்று ஒரு ஊர் இருக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன். நல்ல கடையாகப் பார்த்து வாங்குங்கள்.

உங்கள் அன்பு
அண்ணன் மகள்