கட்டிங் டேபிளைச் சுற்றி நின்றவர்களுக்கு

எங்கள் பனியன் கம்பெனியின் கட்டிங், தையல், அயர்னிங், பேக்கிங் பிரிவு நண்பர்களுக்கும், பதினொரு மணி டீ கொண்டுவரும் அண்ணனுக்கும், இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் மருந்து எடுத்துக் கொடுக்கும் அம்மாவுக்கும் வணக்கம்.

சென்ற மாதம் தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் கிளம்ப வேண்டிய நாளில் எனக்குச் சர்க்கரை இறங்கியது. மறுநாள் நன்றி சொல்ல வந்தால், "அதெல்லாம் எதற்கு மாஸ்டர், வேலையைப் பாருங்கள்" என்று ஆளுக்கொரு பக்கம் நழுவிவிட்டீர்கள். அதனால்தான் எழுத்தில் சொல்கிறேன். திருப்பூரில் எத்தனையோ கம்பெனிகளில் என்னைப் போல் இன்சுலின் போட்டுக்கொண்டு வேலைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடன் வேலை செய்கிறவர்களும் இதைப் படிக்கட்டும்.

முதல் நன்றி ஒடிசாவிலிருந்து வந்து என்னிடம் துணி விரிக்கும் தம்பிக்கு. நான் லே, அதாவது அடுக்கடுக்காக விரித்த துணியை, மின்கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தி, மேலே வரைந்திருக்கும் மார்க்கர் கோட்டை விட்டு விலகுவதை அவன்தான் பார்த்தான். கூச்சல் போடவில்லை, என் கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. நேராகப் போய்ச் சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தான். ஓடும் கத்தியின் பக்கத்தில் நிற்பவனைப் பிடித்து உலுக்கினால் என்ன ஆகும் என்பது கட்டிங்கில் இருப்பவர்களுக்குத் தெரியும். பதற்றத்தில் அந்த நிதானம் எல்லோருக்கும் வராது. அணைத்ததற்கு நான் உன்னைக் கண்டபடி திட்டினேனாம், எனக்கு நினைவில்லை. சர்க்கரை இறங்கும்போது மூளைக்குப் போக வேண்டிய குளுக்கோஸ் குறைந்துவிடுகிறது. வியர்வை, நடுக்கம், படபடப்போடு காரணமில்லாத கோபமும் வரும். நீ அதைத் திட்டாகக் கணக்கில் வைக்காமல் மறுநாளும் எனக்குத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தாய், தம்பி. அது போதும்.

அடுத்தது ஓவர்லாக் தையல் மிஷினில் இருக்கும் அக்கா. அவருடைய அம்மாவும் இன்சுலின் போடுகிறவர் என்று அன்றுதான் தெரிந்தது. என் பையிலிருந்த மீட்டரை எடுத்து விரலில் குத்திப் பார்த்தார். 52 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே தாழ்வு. 54-க்கும் கீழே போய்விட்டால் ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. அக்கா குளுக்கோஸ் பொடியை மூன்று தேக்கரண்டி தண்ணீரில் கலக்கும்போது கூட்டத்தில் ஒருவர், "சர்க்கரை வியாதிக்காரருக்குச் சர்க்கரையையே கொடுக்கிறீர்களே!" என்று பதறினாராம். அவர் மேல் எனக்கு வருத்தமே இல்லை. ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல், "இப்போது இவருக்கு இதுதான் மருந்து, கொஞ்சம் காற்று வர விடுங்கள்" என்றிருக்கிறார். இன்னொருவர் நீட்டிய சாக்லேட்டையும் வேண்டாம் என்று தடுத்தாராம். அதிலுள்ள கொழுப்பு, சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். பிஸ்கட்டும் மெதுவாகத்தான் வேலை செய்யும். குளுக்கோஸ் இல்லையென்றால் சாதாரணச் சர்க்கரையோ, தேனோ, பழச்சாறோ கொடுக்கலாம்.

பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்ததில் 66. இன்னொரு தம்ளர் கலக்கிக் கொடுத்தார். அடுத்த முறை 98. அதன் பிறகுதான் என் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்க விட்டார். பதினைந்து கிராம் சர்க்கரை, பதினைந்து நிமிடக் காத்திருப்பு, மறுபடி சோதனை என்று மருத்துவர்கள் சொல்லும் முறை இதுதான். சற்றுத் தெளிந்ததும் வேலைக்கு ஓடாமல், சாப்பிட்டு முடிக்கும்வரை எனக்குக் காவல் உட்கார்ந்தாரே, அதற்குத் தனியாக ஒரு நன்றி. அந்த நேரத்தில் பீஸ் கணக்கில் வாங்கும் அவருடைய கூலியில் எவ்வளவு போயிற்று என்று கேட்டால் சிரிக்கிறார்.

நான் மயங்கி விழுந்திருந்தால் கதை வேறு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். இதைத் தெரிந்துவைத்து போனைக் கையில் வைத்தபடியே நின்ற பேக்கிங் பிள்ளைகளுக்கும் நன்றி. அழைக்க வேண்டிய தேவை வராமல் போனது நம் எல்லோருடைய நல்ல நேரம்.

சூப்பர்வைசர் சாருக்கு நன்றி சொல்வதற்கு முன் ஒரு பழைய கதையைச் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு கம்பெனியில் இதே போல் வியர்த்து, நாக்குக் குழறி உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்த மேலாளர் என் வாயை முகர்ந்து பார்த்தார். வாடை எதுவும் இல்லை. இருந்தும் குடித்திருக்கிறான் என்று சொல்லி வாசலில் விட்டுவிட்டார்கள். நம் சார் என்ன செய்தார் என்பதன் அருமை எனக்குத்தான் தெரியும். இன்சுலின் போடுகிறவர் கையில் கட்டிங் மிஷின் எதற்கு, பேக்கிங்கிற்கு மாற்றிவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் தொழில் தெரிந்த ஒருவனை அட்டைப்பெட்டி ஒட்ட அனுப்புவது எனக்குத் தண்டனை போல்தான் இருந்திருக்கும். சார் என்னையே கூப்பிட்டு, "என்ன செய்தால் சரிவரும், மாஸ்டர்?" என்று கேட்டார்.

நான் காலையில் போடுவது 30/70 கலவை இன்சுலின். அதில் விரைவாக வேலை செய்யும் பகுதி முற்பகலில் உச்சத்துக்குப் போகும், மெதுவாக வேலை செய்யும் பகுதி மதியத்தைத் தாண்டியும் இழுக்கும். ஊசியைப் போட்ட பிறகு அது நம் ஷிப்மென்ட் அவசரத்தைக் கேட்டுக்கொண்டு நிற்காது. ஒரு மணிச் சாப்பாடு இரண்டரை ஆனால் சர்க்கரை விழுவது நிச்சயம். இதைச் சொன்னதும் சார் அன்றே இரண்டு ஏற்பாடுகள் செய்தார். எந்த அவசரம் வந்தாலும் ஒரு மணிக்கு எனக்கும் இன்னும் சிலருக்கும் சாப்பாட்டு நேரம். புது லே தொடங்கும் முன் நான் மீட்டரில் பார்க்க வேண்டும். 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டு, ஏறிய பிறகுதான் கத்தியைத் தொட வேண்டும். மீட்டரில் ஒவ்வொரு முறையும் செருகும் ஒரு ஸ்டிரிப் விலைக்கு ஒரு டீயும் வடையும் வாங்கலாம், எங்களுக்கு அது சின்னக் காசு இல்லை. முதலாளி அந்தச் செலவைக் கம்பெனிக் கணக்கில் எழுதச் சொல்லிவிட்டார். முதலாளி, உங்களுக்கும் நன்றி. ஒன்றரை ஷிப்டு பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு, உழைத்த உழைப்பில் இரவிலும் சர்க்கரை இறங்குவதுண்டு. ஓவர்டைம் போடும் நாளை முதல் நாளே சொல்லிவிட்டால் டாக்டரைக் கேட்டு அளவைச் சரிசெய்துகொள்வேன். அதையும் கொஞ்சம் பாருங்கள்.

மருந்தக அம்மாவுக்கு. பிரிக்காத இன்சுலினை ஃபிரிட்ஜின் உறைபெட்டியில் வைக்கக் கூடாது, கதவை ஒட்டியும் வேண்டாம், நடுத்தட்டில் வையுங்கள் என்று பொறுமையாகச் சொன்னது நீங்கள். நான் வேலை செய்யும் இடத்தைக் கேட்டு, அயர்னிங் பக்கம் பையைத் தொங்கவிடாதீர்கள் என்றும் சொன்னீர்கள். வெப்பத்தில் இன்சுலின் வீரியம் இழந்துவிடும் என்பதை அதற்கு முன் எனக்கு யாரும் சொன்னதில்லை.

டீ அண்ணன் எனக்கென்று சர்க்கரை போடாத டீயைத் தனி கிளாஸில் கொண்டுவருகிறார். தூக்குவாளியோடு ஒரு சிறு டப்பாவில் சர்க்கரையும் வைத்திருக்கிறார். என் முகம் வெளுத்திருந்தால் எதைக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பாகற்காய்ச் சாறு, வெந்தயம், நாவல் கொட்டைப் பொடி என்று தினம் ஒன்று சொல்லும் அன்பர்களுக்கும் நன்றி. எல்லாவற்றையும் கேட்டுக்கொள்கிறேன், ஊசியை மட்டும் நிறுத்த மாட்டேன். உங்களில் மாத்திரை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை இப்படி விழுவது அபூர்வம். கிளிமிபிரைடு போன்றவை கலந்திருந்தால் விழும், ஏறிய பிறகு மறுபடியும் விழலாம். உங்கள் மருந்துச் சீட்டில் எது எழுதியிருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டு வையுங்கள்.

கட்டிங் டேபிளுக்குக் கீழே இருக்கும் நீல டப்பாவில் குளுக்கோஸ் பாக்கெட் வேகமாகத் தீர்ந்துகொண்டிருக்கிறது. வெயிலுக்குக் கலக்கிக் குடிக்கிறீர்கள் என்று தெரியும், தாராளமாகக் குடியுங்கள். புதிதாக இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். என் பெயர் எழுதியதை மட்டும் விட்டுவையுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டிங் மாஸ்டர்