தப்பிய தவறையும் பாடமாக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பல வருடம் வார்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற செவிலியர் நான். ஒரு இரவுப் பணியில் 4 யூனிட் இன்சுலினை 40 என்று படித்துவிட்டேன். யூனிட் என்பதைச் சுருக்கி ‘யூ’ என்ற ஆங்கில எழுத்தை மட்டும் போட்டிருந்தார்கள். அது பூஜ்யம் மாதிரி தெரிந்தது. சிரிஞ்சில் ஏற்றியும் விட்டேன். “சிஸ்டர், இன்னொரு தடவை பாருங்க” என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னதால் அந்த நோயாளி தப்பினார். இன்றைக்கும் அதை நினைத்தால் கை நடுங்குகிறது.

சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்ற 5 விதிகளும் அன்று எனக்கு மனப்பாடம்தான். அதனால் வருடத்துக்கு ஒரு நாள் வகுப்பு எடுத்துக் கையெழுத்து வாங்குவதைப் பயிற்சி என்று என்னால் ஏற்க முடியவில்லை. வார்டிலேயே, மருந்து டிராலி பக்கத்தில் நின்று சொல்லித்தர வேண்டும். பெயரும் பாட்டிலும் ஒன்றுபோல இருக்கும் மருந்துகளை எடுத்துக் காட்ட வேண்டும். இன்சுலின், ஹெப்பரின், பொட்டாசியம் குளோரைடு போன்ற, அளவு தவறினால் உயிருக்கே ஆபத்தாகும் மருந்துகளை இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்த்துப் பழக வேண்டும். மருந்து எடுக்கும் நேரத்தில் யாரும் கூப்பிடக் கூடாது. இது டாக்டர்களுக்கும் சேர்த்துத்தான்.

உலக சுகாதார நிறுவனம் 2017லேயே மருந்துத் தவறுகளைக் குறைக்க உலக அளவில் ஒரு முயற்சியைத் தொடங்கியது. சரி, நம் மருத்துவமனைகளில் தவறை ஒப்புக்கொள்ளும் நர்ஸுக்கு என்ன கிடைக்கிறது? மெமோ! அன்று நானும் பயந்துபோய் வாய் திறக்கவில்லை. சொல்லியிருந்தால் அந்தச் சுருக்கெழுத்தை மறுநாளே நிறுத்தியிருக்கலாம். நிர்வாகங்கள் முதலில் இந்தப் பயத்தைப் போக்க வேண்டும்.

– ஓய்வு பெற்ற செவிலியர்