நினைவுக்கல் எழுதுமுன் கல்லைப் படியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மூதூரில் 1893 இல் நாட்டப்பட்ட நினைவுக்கல் ஒன்று உண்டு. 'ஆன்' கப்பலின் கப்டன் ரொபர்ட் நொக்ஸ் 1660 இல் இந்த மரத்தடியில் பிடிபட்டார், கண்டி மன்னன் அவரை 19 ஆண்டுகள் சிறை வைத்திருந்தான் என்று அதன் ஆங்கில வாசகம் சொல்கிறது. அன்று பிடிபட்ட தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர். கப்டன் தகப்பன், அவர் 1661 பெப்ரவரியிலேயே சிறையிருப்பில் காய்ச்சலால் இறந்துவிட்டார். 1679 இல் தப்பிப்போய், 1681 இல் இலங்கையைப் பற்றிய நூலை அச்சேற்றியவர் மகன். கல்லிலோ இருவரும் ஒருவராகிவிட்டனர். கல்லில் ஏறிய பிழையை எடுப்பது எவ்வளவு பாடு என்பதற்கு நம் மாவட்டத்திலேயே இப்படி ஒரு சான்று இருக்கிறது.

திருகோணமலையில் இனி வைக்கப்படும் எந்தத் தகவல் பலகையும் கல்லில் இருப்பதையும் ஊர் சொல்வதையும் வேறு வேறாகக் காட்ட வேண்டும். பிரெட்ரிக் கோட்டை வாசலில் இரட்டை மீனோடு இருக்கும் தமிழ்க் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 'முன்னே குளக்கோட்டன்' என்று தொடங்கும் வெண்பா நம்மில் பலருக்கு மனப்பாடம். ஆனால் கல்லில் எஞ்சியிருப்பவை சிதைந்த சில வரிகளே. மீதி வாய்மொழியாக வந்தது. பலகையில் முழு வெண்பாவையும் போட்டு 'கல்வெட்டு வாசகம்' என்று தலைப்பிட்டால், பத்து வருடத்தில் அதுவே ஆதாரமாகிவிடும். தெரியும் எழுத்துகளை ஒரு நிறத்திலும், ஊகித்து நிரப்பியவற்றைப் பகர அடைப்புக்குள்ளும் போடுவதுதான் முறை. கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையில் பிரான்சினா வான் ரீடு என்ற டச்சுப் பெண்ணுக்கு எழுப்பிய தூணும் இப்படித்தான். அதில் வெட்டியது அவள் பெயரும் 1687 ஏப்ரல் 24 என்ற நாளும்தான். காதலன் கப்பலேறியதும் கடலில் பாய்ந்தாள் என்ற கதைக்கு அந்த வாசகத்தில் இடமே இல்லை. கதையைச் சொல்லலாம், கதை என்றே சொல்ல வேண்டும்.

பெயர்களிலும் கவனம் தேவை. 'போர்த்துக்கேயர் பிரெட்ரிக் கோட்டையைக் கட்டினர்' என்று எழுதுவது தவறு. கோணேசர் கோயிலை இடித்த கல்லைக்கொண்டு அவர்கள் 1624 இல் கட்டிய கோட்டைக்கு ஆங்கிலேயர் 1803 இல்தான் அந்தப் பெயரை இட்டனர்.

எழுத்து தெரியவில்லையென்று கம்பித் தூரிகையால் தேய்ப்பதும், குளியலறை ஓடு கழுவும் அமிலம் ஊற்றுவதும் பெரும் கேடு. எழுத்துக்குள் இனாமல் பெயின்ட் தீட்டுவது அதைவிட மோசம்; தீட்டியவர் கண்டது மட்டுமே பிறகு எல்லோர் கண்ணுக்கும் படும். அந்தி சாய்ந்தபின் ரோச் லைட்டைக் கல்லோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். பகலில் வெறும் கல்லாகத் தெரிந்த இடத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். ஒளியை நான்கு பக்கமும் மாற்றி, அடிமட்டம் ஒன்றையும் அருகில் வைத்துப் படமெடுத்தால் அறிஞர்களுக்கு அதுவே பெரும் உதவி. ஈரத்தாள் ஒட்டி மைப்படி எடுப்பது தொல்பொருள் திணைக்கள அனுமதியோடு, பழகியவர் கையால் மட்டுமே நடக்க வேண்டும். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி தொல்பொருளைச் சேதப்படுத்துவது குற்றம். புதிய பலகையைப் பழங்கல்லில் ஆணியடித்தோ சீமெந்து பூசியோ பொருத்தக்கூடாது. தள்ளித் தனிக்கால் நடுங்கள்.

உப்புக்காற்றில் இரும்புக்கால் முதலில் அரிப்பது கொங்கிறீட்டுக்குள் இறங்கும் இடத்தில்தான், அங்கேதான் மழைத்தண்ணீர் தேங்கும். அடித்தளத்தை நிலமட்டத்துக்கு மேல் எழுப்பி, நாலாபக்கமும் சரித்துப் பூச வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டிய பலகையில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும். ஆகவே முக்கியமான சொல்லைச் சிவப்பில் போடாதீர்கள். செலவு கூடினாலும் மெருகிட்ட கருங்கல்லில் வெட்டுவது நிலைக்கும். எழுத்து 1 சென்றிமீற்றருக்குக் குறைந்தால் புள்ளிக்குள் தூசி அடைந்து மெய்யும் உயிர்மெய்யும் ஒன்றாகிவிடும்.

கடைசியாக, அச்சகத்தில் நடக்கும் கூத்து. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியதை யுனிகோட்டுக்கு மாற்றி வடிவமைப்பு மென்பொருளில் ஒட்டும்போது கொம்பும் காலும் இடம் மாறி 'கோணேசர்' உடைந்துபோகும். சிங்களமும் ஆங்கிலமும் சரியாயிருக்க, தமிழ் மட்டும் சிதைந்து நிற்கும் பலகைகள் பலவற்றுக்குக் காரணம் இதுவே. எழுத்துகளைக் கோட்டுருவாக (அவுட்லைன்) மாற்றிய பிடிஎப் கோப்பை மட்டும் கொடுங்கள். வெட்டுமுன் அசல் அளவில் ஒரு தாள் அச்செடுத்து, தமிழ் தெரிந்த இருவர் வாய்விட்டு வாசித்துக் கையெழுத்திட்ட பிறகே உளி கல்லில் படட்டும்.

வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை