ஜெர்மனியின் ஆகன் நகரில் படிக்கும் மகளுக்கு

அன்புள்ள கண்ணுவுக்கு,

இதைப் போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் சேர்ந்து அழுதுவிட்டு விஷயத்தை விட்டுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். இனிமேல் தினமும் எங்களைக் கூப்பிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடு.

இதில் கோபம் ஒன்றும் இல்லை. உன் குரலைக் கேட்காமல் எனக்கும் தூக்கம் வராது. அக்டோபர் கடைசியில் அங்கே கடிகாரத்தைப் பின்னால் திருப்பியதிலிருந்து உனக்கும் எங்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். உனக்கு மாலை ஆறு என்றால் திருச்சியில் இரவு பத்தரை. அப்பாயி மாத்திரை போட்ட பிறகும் உன் போனுக்காக உட்கார்ந்திருக்கிறார். அதுகூடப் பரவாயில்லை. போன வாரம் நீ பேசிக்கொண்டிருந்தபோது பின்னால் பாத்திரச் சத்தமும் சிரிப்புச் சத்தமும் கேட்டன. என்னவென்று கேட்டதற்கு, "இந்நேரம்தான் எல்லாரும் கிச்சன்ல சமைப்பாங்கம்மா" என்றாய். அன்று இரவு முழுக்க எனக்கு அதே நினைப்பு. ஒரு தளத்துக்கே ஒரு சமையலறை. அந்தப் போலந்துப் பெண், ஸ்பெயின் பையன், ஜெர்மன்காரப் பிள்ளைகள் எல்லாரும் கூடுகிற நேரத்தில் நீ அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு எங்களோடு பேசுகிறாய். அப்புறம் யாரும் பழகுவதில்லை என்று எங்களிடமே வருத்தப்படுகிறாய்.

நம் தெருவில் கதவு சாத்தியிருந்தால் தட்டி, "என்னம்மா, உடம்பு சரியில்லையா, சாப்பிட்டியா?" என்பார்கள். அங்கே கதவு சாத்தியிருந்தால் தனியாக இருக்க விரும்புகிறாள் என்று நினைத்து விலகிப் போய்விடுவார்கள். அதுவும் ஒரு மரியாதைதான். முதல் அடியை நீதான் எடுத்து வைக்க வேண்டும். பருப்பும் ரசமும் உனக்கு நன்றாக வரும். ஒரு நாள் நாலு பேருக்குச் சேர்த்து வை. ஜெர்மன் தப்பும் தவறுமாக வரட்டும், பரவாயில்லை.

உன்னை இந்த ஒரு செமஸ்டருக்கு அங்கே அனுப்பியிருக்கிற ஐ.ஐ.டி. மெட்ராஸே 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு வந்தது. பட்டறைக்கு இயந்திரங்களைக் கொடுத்தார்கள், பாடம் நடத்த ஆட்களையும் அனுப்பினார்கள். உங்கள் வளாகத்தில் நீ சைக்கிளில் போகும் பான் அவென்யூவுக்கு அந்த நாட்டின் அன்றைய தலைநகரின் பெயர். அந்த ஆசிரியர்கள் கிண்டிக் காட்டுக்குள், இந்த வெயிலில், தெரியாத ஊரில் வந்து நின்றபோது தினமும் வீட்டோடு பேச அவர்களுக்கு ஒரு வழியும் இல்லை. வரலாறு நடத்துகிறவள் என்பதால் இதெல்லாம் எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பான் நகரம் இப்போது உனக்குக் கொலோன் வழியாக ரயிலில் போய் வரும் தூரத்தில் இருக்கிறது.

இருட்டைப் பற்றிச் சொன்னாயே, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. டிசம்பரில் காலை எட்டரைக்கு விடிந்து மாலை நாலரைக்கு இருட்டிவிட்டால், வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு மனசு சுருங்கத்தான் செய்யும். மதியம் வெளிச்சம் இருக்கும்போது அரை மணி நேரமாவது வெளியே நட. பாடத்தை அதற்குப் பிறகு பார். அப்படியும் மனசு சரியாகவில்லை என்றால், பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கென்றே ஆலோசகர்கள் இருக்கிறார்கள். போய்ப் பேசு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாடத்துக்கு வருகிறேன். இங்கே வாரா வாரம் ஏதாவது டெஸ்ட், அசைன்மென்ட் என்று உன்னை விரட்டிக்கொண்டே இருப்பார்கள். அங்கே பெரும்பாலான பாடங்களில் கடைசியாக ஒரே ஒரு தேர்வு. நடுவில் யாரும் கேட்கமாட்டார்கள். பின்தங்கியது தெரிய வரும்போது பிப்ரவரி வந்துவிடும். ஆகவே அந்தப் பயிற்சி வகுப்புகளை விடாதே. கட்டாயமில்லை என்பதற்காக யாருக்கும் தேவையில்லை என்று ஆகிவிடாது. பேராசிரியர் மாணவர்களைச் சந்திக்க நேரம் ஒதுக்கியிருப்பார். மின்னஞ்சல் அனுப்பிவிட்டுப் போய்க் கேள்.

இன்னொன்று. நீ 30 கிரெடிட் எடுத்திருக்கிறாய். ஒரு கிரெடிட்டுக்கு 25-லிருந்து 30 மணி நேர உழைப்பு என்று அவர்களே கணக்குச் சொல்கிறார்கள். முழுநேர மாணவர்களுக்கே அது நிறைவான சுமை. உனக்கு மொழியும் புதிது, ஊரும் புதிது. ஒரு பாடத்தைக் குறைக்க முடியுமா என்று இரண்டு பக்கத்து ஒருங்கிணைப்பாளர்களிடமும் கேள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொள். வாயால் சொன்னது திரும்பி வந்த பிறகு உதவாது. அங்கே 1.0 தான் உச்சம், 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் தோல்வி. உனக்கு 2.7 வந்தால் நாங்கள் யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை.

பணத்தைப் பற்றி நீ வாய் திறக்கவில்லை. ஆனாலும் தெரிகிறது. கொலோனுக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. வெளியே சாப்பிடக் கூப்பிட்டார்கள், போகவில்லை. அப்பா வைப்பு நிதியிலிருந்து எடுத்துக் கட்டினார் என்பது உன் மனசை அறுக்கிறது. இதோ பார், படிப்புக் கட்டணம் இங்கேதான் கட்டியிருக்கிறோம். அங்கே விசாவுக்காக முன்பே பணம் போட்டு வைத்த அந்த முடக்கப்பட்ட வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் வரும் 992 யூரோ நீ வாழ்வதற்கு. மிச்சம் பிடித்து எங்களுக்குத் திருப்பித் தருவதற்கு இல்லை. அப்பாவும் இதையே எழுதச் சொன்னார்.

ஊரையும் பார். உன் அறையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கும் அந்தப் பேராலயம் பேரரசர் சார்லமேன் கட்டியது. நம் தஞ்சைப் பெரிய கோயிலைவிட ஏறக்குறைய இருநூறு வருடம் மூத்தது. 936-லிருந்து 1531 வரை ஜெர்மானிய அரசர்களுக்கு அங்கேதான் முடிசூட்டினார்கள். 1978-ல் யுனெஸ்கோ முதல் முதலாக வெளியிட்ட பாரம்பரியப் பட்டியலிலேயே அது இருக்கிறது. இத்தனை நாளாகியும் நீ உள்ளே போகவில்லை என்றதும் எனக்குத் தாங்கவில்லை! எனக்காகவாவது ஒரு முறை போய்விட்டு வந்து சொல்.

ஞாயிற்றுக்கிழமை அங்கே கடைகளெல்லாம் மூடிவிடுவதால் அந்த ஒரு நாள்தான் உனக்கு நீண்டு கிடக்கும். அன்று காலை பத்து மணிக்குக் கூப்பிடு. எங்களுக்கு மதியம் இரண்டரை, அப்பாயியும் சாப்பிட்டு முடித்திருப்பார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். உடம்புக்கு முடியவில்லை என்றாலோ பயமாக இருந்தாலோ மட்டும் நாள் கிழமை பார்க்காதே, நடுராத்திரி என்றாலும் எடுப்பேன்.

பிப்ரவரியில் வகுப்பு முடிந்ததும் டிக்கெட் போடவா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். செமஸ்டர் மார்ச் 31 வரை இருக்கிறது. தேர்வை நிதானமாக எழுது, அந்தப் பிள்ளைகளோடு எங்காவது போய்விட்டு வா. ஏப்ரல் முதல் வாரத்துக்கு டிக்கெட் போடச் சொல்லி அப்பாவிடம் சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா